புள்ளி பறந்தால் மானம் பறக்கும்! வீட்டில் ஸ்டிக்கர் வெட்டப் பழகுவோர் உஷார்

சென்னை.

டியூஷன் சென்டர் கதவுக்கு "கல்வி" என்று ஒருவர் ஆசையாக ஸ்டிக்கர் வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெட்டு கச்சிதம். ஆனால் உரிக்கும்போது 'ல்' எழுத்தின் தலையில் இருந்த கடுகளவு புள்ளி, கழிவோடு கழிவாகப் போய்விடுகிறது. கண்ணாடியில் ஒட்டிய பிறகுதான் கவனிக்கிறார். மிச்சம் இருப்பது என்ன வார்த்தை என்று, பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் முன்னால் வாய்விட்டுப் படிக்க முடியாது!

வினைல் ஸ்டிக்கர் அச்சடித்து வெட்டும் எந்திரத்தைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்பவர்கள் முதலில் படும் பாடு இதுதான்.

புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் கடைப் பையன் பேசிக்கொண்டே வெட்டுகிறான். பேசிக்கொண்டே உரிக்கிறான். வண்டியில் ஒட்டி, கையால் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுகிறான். "இது என்ன பிரமாதம்" என்று எந்திரத்தை வாங்கி வீட்டில் இறக்கியவர்களுக்குத்தான் தெரியும், எது பிரமாதம் என்று.

ரேடியம் இல்லாத ரேடியம்

ஊரில் இதற்கு 'ரேடியம் கட்டிங்' என்றும் ஒரு பெயர் உண்டு. ஆனால் இதில் ரேடியம் துளியும் கிடையாது. ஒரு காலத்தில் கைக்கடிகார முட்கள் இருட்டில் மின்ன, ரேடியம் கலந்த பெயிண்ட் பூசினார்கள். ஹெட்லைட் பட்டால் பளிச்சிடும் ஷீட்டுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது போலும்.

சரக்கு என்னவோ பி.வி.சி. பிளாஸ்டிக்தான். மேலே வினைல், நடுவில் பசை, அடியில் வழவழப்பான காகிதம். சாதா ரகம் சுமார் 80 முதல் 100 மைக்ரான் கனம். வெயிலில் நாளானால் ஓரம் சுருங்கும். 'காஸ்ட்' என்ற உசத்தி ரகம் சுமார் 50 மைக்ரான். விலை கூடுதல்தான், ஆனால் பெட்ரோல் டாங்க், ஹெல்மெட் போன்ற வளைவுகளில் படிந்து உட்காரும்.

கத்தி எவ்வளவு இறங்கணும்?

எந்திரத்தின் கத்தி பேனா முள் அளவுதான். சாதாரண வேலைக்கு 45 டிகிரி முனை. தடித்த ஷீட்டுக்கு 60 டிகிரி. அது வினைலை முழுசாக வெட்ட வேண்டும். அடிக்காகிதத்தை வெட்டக் கூடாது. கல்லைச் சுரண்டாமல் தோசையைத் திருப்புகிற கை பக்குவம் மாதிரி!

வெட்டு சரியாக விழவில்லை என்றால் புதியவர்கள் கத்தியை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளுவார்கள். அங்கேதான் காசு கரியாகும். காகிதம் கிழியும். கத்தி முனை ஒடியும். கத்தி ஓடும் பட்டையில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த ஷீட்டைப் போட்டாலும் அந்த இடத்தில் வெட்டு தகராறு செய்யும்.

வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொரு புது ரோலுக்கும் மூலையில் ஒரு சின்னச் சதுரம் வெட்டிப் பார்க்கிறார்கள். சதுரம் மட்டும் தனியாக உரிந்து வந்து, அடிக்காகிதத்தில் நகக்கீறல் போல லேசாகக் கோடு தெரிந்தால் 'பாஸ்'.

சரி, புள்ளியைக் காப்பாற்றுவது எப்படி? வேகத்தைக் குறைக்க வேண்டும். மழுங்கிய கத்தியை மாற்ற வேண்டும். கழிவை வெடுக்கென்று மேலே தூக்காமல், பின்னால் மடித்து மெதுவாக இழுக்க வேண்டும். ரொம்பச் சின்ன எழுத்தாக இருந்தால் வெட்டவே வேண்டாம். பின்புலத்தோடு சேர்த்து அச்சடித்து, சுற்றிலும் ஒரே வெட்டாக வெட்டிவிட்டால் புள்ளி எங்கேயும் போகாது.

தமிழுக்கு இன்னொரு வம்பும் உண்டு. பழைய எழுத்துருக்கள் சிலவற்றில் 'கி' எழுத்தின் கொக்கி தனித் துண்டு. கம்ப்யூட்டர் திரையில் கறுப்பின் மேல் கறுப்பு படிந்து ஒரே எழுத்தாகத் தெரியும். கத்திக்குக் கறுப்பு தெரியுமா? ஓரக்கோடுதான் தெரியும்! இரண்டு துண்டின் ஓரத்தையும் வெட்டி, எழுத்தைக் கூறு போட்டுவிடும். கோரல் டிராவில் 'வெல்ட்' கொடுத்து ஒன்றாக்கிய பிறகே அனுப்ப வேண்டும்.

மை குடிக்கும் எந்திரம்

வெட்டுகிற எந்திரம் மட்டும் என்றால் ஆயிரக்கணக்கில் முடியும். அச்சும் வெட்டும் ஒன்றாக வேண்டுமென்றால் கணக்கு லட்சத்துக்குப் போகும்.

அதை ஓட்டாமல் வைத்தாலும் செலவு! மை பீய்ச்சும் துளைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. நாள் கணக்கில் சும்மா கிடந்தால் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைக்காமல் இருக்க எந்திரமே அவ்வப்போது கழுவிக்கொள்ளும். அதற்கும் மைதான் செலவு. துணி போட்டு மூடி வைத்து, நவராத்திரிக்கு எடுத்து வாசிக்கிற ஹார்மோனியம் இல்லை இது.

இந்த மையில் கரைப்பான் இருக்கிறது. அச்சடித்த படம் தொட்டால் காய்ந்தது போலத் தெரியும். ஆனால் மேலே லேமினேஷன் ஒட்டுவதற்கு முன் ஒரு முழு நாளாவது ஆற விட வேண்டும். அவசரப்பட்டால் பசை இளகி ஓரம் தூக்கிக்கொள்ளும். குழந்தைகள் படுக்கிற அறையில் இந்த எந்திரத்தை வைப்பது சுத்த விவரங்கெட்ட வேலை. ஜன்னல் உள்ள தனி இடம் கட்டாயம்.

இதையெல்லாம் தாண்டித் தேறிவிட்டால் வீட்டில் ராஜமரியாதைதான். ஜூன் மாதம் பிள்ளைகளின் நோட்டுக்கு லேபிள், வாசல்படிக்கு ஸ்டிக்கர் கோலம், அண்ணன் பையனுக்குப் பெயர் போட்ட பனியன். பனியனுக்கு மட்டும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி வெட்ட வேண்டும். மறந்தால் பையன் பெயரை அவனே படிக்க முடியாது.

"மச்சான் டிபார்ட்மெண்ட்ல இருக்கான்"

பெயர் தெருவில் பரவியதும் அடுத்த தலைவலி ஆரம்பம்.

"தம்பி, நம்ம வண்டிக்கு 'போலீஸ்'னு ஒண்ணு வெட்டிக் குடேன். மச்சான் டிபார்ட்மெண்ட்லதான் இருக்கான்" என்று ஒருவர் வருவார். இன்னொருவருக்கு 'பிரஸ்' வேண்டும். அவர் பேப்பர் படிப்பதோடு சரி!

2024-ம் ஆண்டு மே 2-ந் தேதி முதல், சொந்த வண்டிகளில் இப்படிப்பட்ட ஸ்டிக்கர் ஒட்டித் திரிபவர்கள் மீது சென்னை போக்குவரத்து போலீசார் நடவடிக்கையில் இறங்கினார்கள். நம்பர் பிளேட் கோளாறுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 177-வது பிரிவில் முதல் தடவை ரூ.500 வரை, மறு தடவை ரூ.1,500 வரை அபராதம். கட்டுவது என்னவோ வண்டிக்காரர்தான். "எங்கே வெட்டினே?" என்று கேட்டால் யார் பெயர் வெளியே வரும் என்று சொல்லத் தேவையில்லை.

நம்பர் பிளேட் வெட்டித் தருவதிலும் கவனம் வேண்டும். 1-4-2019 முதல் தயாராகும் புது வண்டிகளுக்கு ஹாலோகிராம் வைத்த உயர் பாதுகாப்பு பிளேட்தான். அதற்குப் பதில் ஸ்டிக்கர் செல்லாது. பழைய வண்டிக்கும் இஷ்டப்படி வளைத்து நெளித்து எழுத முடியாது. இங்கிலீஷ் எழுத்து, சாதாரண எண்கள் மட்டுமே. மோட்டார் சைக்கிளின் பின்பக்க எழுத்து 35 மில்லிமீட்டர் உயரம், எண் 40 மில்லிமீட்டர் என்று விதியே இருக்கிறது.

இவற்றைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. "ஐம்பது டப்பாதான் அண்ணே, அந்தக் கம்பெனி லேபிள் மாதிரியே அடிச்சுக் குடுங்க" என்று சிநேகிதர் குழைவார். பொழுதுபோக்குதானே என்று அடித்துக் கொடுத்தால், 1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 103-வது பிரிவு காத்திருக்கிறது. 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். "காசே வாங்கலை சார்" என்று ஸ்டேஷனில் சொல்லி என்ன பயன்?

போகிக்கு ஆகாது

உரித்த கழிவு வீடெல்லாம் ஒட்டும். காலில் ஒட்டி அடுப்படி வரை போகும். வீட்டம்மா குரல் உயரும். உடனே அள்ளிக் கொளுத்திவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வினைல் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வெளிவரும். கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். லேசர் எந்திரத்தில் வினைலை வெட்டக் கூடாது என்பதும் இதனால்தான். ஆளையும் கெடுக்கும், எந்திரத்தின் இரும்பையும் துருவாக்கும்.

ஆகவே போகி நெருப்பில் போடாமல், கழிவைச் சுருட்டிப் பழைய அடிக்காகிதத்திலேயே ஒட்டி மூட்டையாகக் கட்டி, உலர் குப்பையோடு மாநகராட்சி வண்டியில் போட வேண்டும்.