பழைய யன்னலும் ஈயத் தூளும்

அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரிலே பழைய செங்கல் வீடுகள் தோளோடு தோள் சேர்ந்தாற்போல வரிசையாக நிற்கின்றன. அவற்றுட் பலவற்றில் ஏழைக் குடும்பங்கள் நெடுங்காலமாகக் குடியிருந்து வருகின்றன. ஒரு காலத்தில் கதவுக்கும் யன்னலுக்கும் ஈயங் கலந்த வர்ணமே பூசினர். அது நன்கு ஒட்டும், நெடுநாள் உழைக்கும். அவ்வுழைப்பே வினையாயிற்று.

யன்னலை ஏற்றி இறக்குந்தோறும் சட்டங்கள் உராய்கின்றன. மேற்பூச்சு புதியதாயினும், அடியிலுள்ள ஈயம் தூளாகித் தரையிற் படிகிறது. தவழும் குழந்தை அதனைக் கையில் ஒற்றி வாயில் வைக்கிறது. வர்ணச் செதிளைக் கடித்துத் தின்றாலன்றித் தீங்கில்லை என்று பலர் எண்ணுவர். கண்ணுக்குப் புலப்படாத தூளே பெரும்பாலும் குற்றவாளி. அதனால் மூளை வளர்ச்சி குன்றும். நோய்க்குறி தோன்றாமலும் இருக்கக்கூடும். இரத்தப் பரிசோதனையே காட்டிக்கொடுக்கும்.

வீட்டின் உட்புறத்தில் இவ்வர்ணம் பூசுவதை அந்நகரம் 1951இலேயே தடைசெய்தது. நாடு முழுவதற்குமான தடை 1978இல் வந்தது. ஆயினும் தடை புதுப்பூச்சை நிறுத்துமேயன்றி, முன்பே பூசியதை அகற்றாது.

அகற்றுவதிலும் ஆபத்துண்டு. உலர்ந்த வர்ணத்தை அரத்தாளால் தேய்ப்பதும் தீயினாற் சுடுவதும் நஞ்சை வீடெங்கும் பரப்பும். நீர் தெளித்து நனைத்தே சுரண்டல் வேண்டும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அவ்வேளை அங்கிருத்தலாகாது. பின்னர் விளக்குமாற்றாற் கூட்டாது, ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். யன்னலையே மாற்றுதல் மேலான வழி. அச்செலவை வாடகைக்காரர் தாங்கார், வீட்டுச் சொந்தக்காரரோ தயங்குவர்.

1978க்கு முன் கட்டிய வீட்டை விற்போரும் வாடகைக்கு விடுவோரும் தாம் அறிந்த ஈய அபாயத்தை முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என 1992ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. தெரிந்துகொண்ட பின்னும், வேறு வீடு பிடிக்க வசதியற்றோர் அங்கேயே குடிபுகுகின்றனர்.