பெர் டயம் செவிலியர் பணி

பெர் டயம் செவிலியர் பணி என்பது ஐக்கிய அமெரிக்காவில் நிலையான வார அட்டவணை இன்றி, தேவைப்படும் நாட்களில் மட்டும் செவிலியர் செய்யும் பணி ஆகும். இலத்தீன் மொழியில் இத்தொடர் 'நாளுக்கு' எனப் பொருள்படும். 'தேவை எழும்போது' எனப் பொருள்தரும் புரோ ரே நாட்டா என்னும் தொடரின் சுருக்கமாக, இது பி.ஆர்.என். பணி எனவும் அழைக்கப்படுகிறது. உயர்நிலைச் செவிலியப் பட்டம் பயில்வோர் பலர் படிப்பின் இறுதிக் கட்டத்தில் இவ்வகைப் பணியை நாடுகின்றனர்.

பின்னணி

1965 இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்னும் செவிலியரும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் முதலாவது நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினர். இன்று நர்ஸ் பிராக்டிஷனர், மயக்கமருந்துச் செவிலியர், பேறுகாலச் செவிலியர், சிறப்புத்துறைச் செவிலியர் என நான்கு உயர்நிலைப் பணிகள் உள்ளன. இவற்றுக்குப் பயில்வோரில் பெரும்பாலோர் ஏற்கனவே உரிமம் பெற்ற செவிலியர் ஆவர். எனவே படிக்கும் காலத்திலும் அவர்கள் பணிபுரிய இயலும்.

நேர நெருக்கடி

நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கும் மேற்பார்வைப் பயிற்சி கட்டாயமாகும். இதற்கு முன்னர் 500 மணிநேரமாக இருந்த குறைந்த அளவை 2022 இல் வெளியான தேசிய தர வரையறை 750 ஆக உயர்த்தியது. பயிற்சிக்கு ஊதியம் கிடைப்பது அரிது. சாதாரணச் செவிலியராகப் பணிபுரியும் நேரம் இக்கணக்கில் சேராது.

750 மணிநேரத்தை 45 வாரங்களில் முடிக்க வாரத்திற்கு ஏறத்தாழ 17 மணிநேரம் தேவை. முழுநேரச் செவிலியர் வாரத்தில் மூன்று முறை 12 மணிநேரம் பணிபுரிந்தால் 36 மணிநேரமாகும். இரண்டும் சேர்ந்து 53 மணிநேரத்தை எட்டுகின்றன. வகுப்பும் வீட்டுப்பாடமும் இதற்கு மேலானவை.

பணி வகைகள்

* மருத்துவமனை பெர் டயம்: மாதத்தில் குறைந்தது சில பணிமுறைகளை ஏற்க வேண்டும்.
* மாற்றுக்குழு: ஆள் குறையும் பிரிவுக்கு அவ்வப்போது அனுப்பப்படுவர்.
* முகமைப் பணி: இடைநிலை நிறுவனம் வழியாகப் பல மருத்துவமனைகளில் பணிபுரிவது.
* வார இறுதிப் பணி: சனி, ஞாயிறுகளில் மட்டும் 12 மணிநேரப் பணி. 1980களில் டல்லாசு நகரின் பேலர் மருத்துவமனைத் திட்டத்தால் இது புகழ்பெற்றது.
* தொலைபேசி ஆலோசனை, தடுப்பூசி முகாம், பள்ளிச் செவிலியருக்குப் பதில்பணி.

நன்மைகளும் குறைகளும்

பெர் டயம் பணியில் மணிநேர ஊதியம் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். பயிற்சி நாட்களுக்கேற்பப் பணிநாட்களைத் தெரிவு செய்யலாம். ஆயினும் ஊதியத்துடன் கூடிய விடுப்பு பெரும்பாலும் கிடையாது. நோயாளிகள் குறைந்த நாளில் முதலில் நிறுத்தப்படுவோரும் இவர்களே. 2010 ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, வாரத்திற்குச் சராசரியாக 30 மணிநேரம் உழைப்போரே முழுநேரப் பணியாளர்; அதற்குக் குறைந்தோருக்குக் காப்பீடு வழங்கும் கடமை பெருநிறுவனங்களுக்கு இல்லை.

கல்விக் கட்டண உதவியும் பல இடங்களில் நிலையான பணியாளருக்கே உரியது. உதவி பெற்றவர் குறிப்பிட்ட காலம் அங்கேயே பணிபுரியாவிடில், அத்தொகையைத் திருப்பித்தர நேரிடலாம். ஆகவே பெர் டயம் பணிக்கு மாறுமுன் ஒப்பந்தத்தைப் படித்தல் இன்றியமையாதது. 2025 இல் இயற்றப்பட்ட சட்டம், 2026 சூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குக் கிராட் பிளஸ் கடனை நிறுத்த வகை செய்ததால், ஊதியத்தின் தேவை மேலும் கூடியது.

வரம்புகள்

மயக்கமருந்துச் செவிலியர் படிப்பில் குறைந்தது 2,000 மணிநேரப் பயிற்சி உள்ளதால், வெளிப்பணி பெரும்பாலும் இயலாது. எஃப்-1 நுழைவிசைவில் பயிலும் இந்திய, இலங்கை மாணவர் உட்பட வெளிநாட்டினர், தனி அனுமதியின்றிக் கல்வி வளாகத்திற்கு வெளியே பணிபுரியக் கூடாது. பணியிடத்தில் மாணவர் சாதாரணச் செவிலியர் மட்டுமே. கற்றுவரும் உயர்நிலை அதிகாரங்களை அங்கே பயன்படுத்த முடியாது.

நோயாளி பாதுகாப்பு

ஆன் ராஜர்சு குழுவினர் 2004 இல் வெளியிட்ட ஆய்வு, பணிமுறை 12 மணிநேரத்தைக் கடந்தாலும், வாரப்பணி 40 மணிநேரத்தைக் கடந்தாலும் பிழைகள் நேரும் வாய்ப்பு உயர்வதைக் காட்டியது. பயிற்சி நேரம் மருத்துவமனையின் பணிப்பதிவேட்டில் இடம்பெறாது. எனவே மாணவச் செவிலியரின் உண்மையான களைப்பை மேலாளர் அறிய வழியில்லை; இரவுப்பணிக்கு மறுநாள் பயிற்சியைத் தவிர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் மாணவரையே சாரும்.

இவற்றையும் பார்க்க

* செவிலியம்
* பகுதிநேரப் பணி
* ஐக்கிய அமெரிக்காவில் உயர்கல்வி