சிறிய வானொலியும் நீண்ட ஆண்டெனாவும்

ஹாம் வானொலி என்று வழங்கும் அமெச்சூர் வானொலிக் கலையில் ஈடுபாடு கொண்ட ஒருவர், தேர்வு எழுதி, மத்திய அரசின் உரிமத்தையும் தமக்கே உரிய அழைப்புக்குறியையும் பெற்றவுடன் முதலில் நாடுவது, பெரும்பாலும் கையில் எடுத்துச் செல்லத்தக்க ஒரு சிறு வாக்கி டாக்கியையே. யேசு, ஐகாம், கென்வுட் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் கருவிகளை விலை கேட்டுத் திகைத்து நின்ற சாமானியருக்கு, சீனாவின் பௌஃபெங் நிறுவனம் 2012-ஆம் ஆண்டு வாக்கில் வெளியிட்ட யுவி-5ஆர் என்னும் மாதிரி பெரும் அனுகூலமாக வாய்த்தது. இரண்டு மீட்டர், எழுபது சென்டிமீட்டர் என அலைநீளத்தால் பெயர் பெற்ற இரு பேண்டுகளிலும் பேச வல்லதும், 128 சானல்களை நினைவில் வைத்துக்கொள்வதுமான அந்தக் கருவியும், அதன் வழிவந்த பிற மாதிரிகளும் இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன.

வாங்குகிறவர் மனத்தில் எழும் முதல் கேள்வி, எத்தனை வாட் என்பதுதான். விளம்பரங்களும் ஐந்து வாட்டைவிட எட்டு வாட் சிறந்தது என்றே ஆசை காட்டுகின்றன. ஆனால், எதிர்முனையில் கேட்பவருடைய கருவியின் சிக்னல் மீட்டர் ஒரு படி உயர வேண்டுமானால் அனுப்பும் சக்தி நான்கு மடங்காக வேண்டும் என்பது கணக்கு. ஐந்து வாட்டை எட்டாக்குவதால் அந்த ஒரு படியில் மூன்றில் ஒரு பங்குதான் லாபம். பேட்டரி விரைவில் தீர்வது மட்டும் நிச்சயம்.

தூரத்தைப் பிரதானமாக நிர்ணயிப்பவை உயரமும் ஆண்டெனாவுமே. இந்தப் பேண்டுகளின் அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்பவை. ஆகையால் சமதரையில் நிற்கும் இருவர் சில கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவரை ஒருவர் கேட்பதே அரிது. அதே வேளையில், நமக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விண்வெளி வீரர்கள் பள்ளி மாணவர்களோடு 145.800 மெகாஹெர்ட்ஸில் உரையாடும் குரலை, மொட்டை மாடியில் நின்றபடி இந்தச் சிறிய கருவியிலேயே கேட்டுவிடலாம். இடையில் மறைப்பில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு மாயம் இல்லை. மலையுச்சிகளிலும் உயர்ந்த கட்டடங்களிலும், கேட்ட குரலை மறுபடி ஒலிபரப்பும் ரிப்பீட்டர்களை நிறுவுவதும் இதே காரணத்தால்தான்.

எனவே, கையில் மிஞ்சும் பணத்தை முதலில் ஆண்டெனாவுக்கே செலவிட வேண்டும். இரண்டு மீட்டர் பேண்டில் கால் அலைநீளம் என்பது ஏறத்தாழ அரை மீட்டர். கருவியோடு வரும் ரப்பர் ஆண்டெனாவோ ஒரு சாண் நீளங்கூட இராது. உள்ளே கம்பியைச் சுருளாகச் சுற்றி ஒருவாறு சமாளித்திருக்கிறார்கள். அந்தச் சௌகரியத்துக்கு விலையாகச் சக்தியில் கணிசமான பகுதி வீணாகிறது. நாகோயா என்ஏ-771 போன்ற, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீண்ட ஆண்டெனாவை மாட்டியதும் வித்தியாசம் காதில் படும். வாங்குமுன் கருவியின் உச்சியிலுள்ள திருகு வாயை உற்றுப் பார்க்க வேண்டும்: பௌஃபெங் மாதிரிகள் பலவற்றில் அதன் நடுவே ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், ஆதலால் ஆண்டெனாவில் துளை இருக்க வேண்டும், ஜப்பானியக் கருவிகளில் பெரும்பாலும் இது நேர்மாறு. போலிச் சரக்குகளும் சந்தையில் மலிந்திருப்பதால், நம்பகமான கடையில் வாங்குவது உத்தமம்.

செலவே இல்லாத உபாயம் ஒன்றும் உண்டு. சுமார் 49 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய ஒயரை எடுத்து, ஒரு நுனியில் உறையைச் சீவி, ஆண்டெனாவின் அடியில் உள்ள திருகின் வெளி உலோகத்தைத் தொடும்படி சுற்றி இறுக்கி, மறு நுனியைத் தொங்கவிட வேண்டும். இதைப் புலிவால் என்பார்கள். ஆண்டெனாவின் மறுபாதியாக நின்று வேலை செய்யும் இந்த ஒயர், கரகரப்பில் மூழ்கிக் கிடந்த குரலைப் பல சமயங்களில் தெளிவாகப் புரியும்படி எழுப்பிவிடும். ஒயரின் செம்பு, நடுவிலுள்ள ஊசியைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

அடுத்து வேண்டியது, கம்ப்யூட்டரோடு இணைக்கும் புரோகிராமிங் கேபிள். ரிப்பீட்டரின் குரல் கேட்கிறது, நாம் அழைத்தால் பதில் இல்லை என்று புதியவர்கள் மனம் சோர்வதற்குக் காரணம், பெரும்பாலும் கருவியின் கோளாறன்று; ரிப்பீட்டர் கேட்கும் அலைவரிசைக்கும் அது ஒலிபரப்பும் அலைவரிசைக்கும் இடையே இரண்டு மீட்டர் பேண்டில் வழக்கமாக உள்ள 600 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசத்தையும், ரிப்பீட்டரைத் திறக்கும் டோன் என்னும் மெல்லொலியையும் சரியாகப் பதிக்காமையே. சிர்ப் என்னும் இலவச மென்பொருளில் இவற்றை அட்டவணைபோல் நிரப்பி, ஒரே தடவையில் கருவிக்குள் ஏற்றிவிடலாம். அதன்பின் மாற்று பேட்டரியும், காரிலிருந்து மின்சாரம் எடுக்கும் எலிமினேட்டரும் புயற்காலத்தில் பெரிதும் பிரயோஜனப்படும். ஸ்பீக்கர் மைக் ஒன்று இருந்தால், கருவியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடியே பேசலாம்.

மலிவுக்கு உரிய குறைகளையும் மறைப்பதற்கில்லை. பெரிய ஒலிபரப்புக் கோபுரங்களின் சமீபத்தில் இக்கருவியின் ரிசீவர் திணறும். மாடியில் பெரிய ஆண்டெனாவை இணைத்தால் நகரங்களில் அத்திணறல் சில வேளை அதிகமாவதும் உண்டு. இன்னொன்று, இது 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்து கிடப்பது. நம் நாட்டில் அதில் ஹாம்களுக்கு உரியது 144 முதல் 146 வரை மட்டுமே. எஞ்சியவை பிறருடைய முக்கியமான பணிகளுக்கானவை. கருவி அனுமதிக்கிறது என்பதற்காக அங்கே பேசுவது குற்றம். ஓர் உயிரைக் காக்கும் செய்தியை அது மறித்துவிடவும் கூடும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்னும் ஹாம் பெண்மணி அந்தமானின் செய்திகளைக் கடல் கடந்து அனுப்பி உதவியதை நாடறியும். அத்தொலைவுக்குப் பயன்பட்டது சிற்றலை யந்திரம். நம் கைக்கருவி அதைச் செய்யாது. ஆனால் ஊர் இருளில் மூழ்கி, செல்போன் கோபுரங்களும் ஓய்ந்த இரவில், நிவாரண முகாமுக்கும் மருத்துவமனைக்கும் இடையே இதைக் கொண்டு செய்தி செல்லும். அந்த இரவுக்கு முன்பே ரிப்பீட்டரின் டோன்களைக் கருவியில் பதித்து, வாரந்தோறும் உள்ளூர் ஹாம்களுடன் பேசிப் பழகி, எந்த மாடியிலிருந்து எதுவரை கேட்கும் என்பதை அறிந்து வைத்திருப்பவர் கையில், சில ஆயிரம் ரூபாய்க் கருவி விலையுயர்ந்த கருவிக்குச் சளைத்ததன்று.