மொழிவளங்களும் பயன்பாட்டுரிமையும்

அகராதிகள், எண்ணிமமாக்கப்பட்ட நூல்கள், சொற்றொகுதிகள், பேச்சொலிப் பதிவுகள் ஆகியன இன்று இணையத்தின் வழியே பலரும் பகிர்ந்துகொள்ளும் மொழிவளங்களாக உள்ளன. இவற்றை யார் பெறலாம், பெற்றவர் எதற்குப் பயன்படுத்தலாம் என்னும் வினாக்கள் சட்டவறிஞருக்கு மட்டுமே உரியனவாகத் தோன்றலாம். எனினும் ஆழ்ந்து நோக்குமிடத்து, இவை உழைப்புக்கும் உடைமைக்கும் இடையிலான உறவுபற்றிய வினாக்களே என்பது புலனாகும்.

அணுகும் வாய்ப்பும் பயன்பாட்டுரிமையும் ஒன்றல்ல என்பது முதற்கண் மனங்கொள்ளத்தக்கது. ஒரு நூலை இணையத்தில் வாசிக்க முடிகின்றது என்பதனாலேயே அதனை மறுபதிப்புச் செய்யவோ, விற்கவோ, கணினியைப் பயிற்றும் தரவாக்கவோ உரிமை கிடைத்துவிடுவதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியரின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் பதிப்புரிமை வழங்குகின்றது. இந்தியச் சட்டம் ஆயுட்காலத்தின்பின் 60 ஆண்டுகளை வகுத்துள்ளது. உரிமம் எதுவும் குறிப்பிடாது இணையத்தில் இடப்பட்ட ஆக்கம் ‘பொதுச்சொத்து’ எனப் பலர் கருதுகின்றனர். சட்ட நோக்கில் உண்மை இதற்கு மாறானது: அதன் உரிமைகள் யாவும் ஆக்கியோனிடமே எஞ்சியிருக்கின்றன. ஆகவே, நல்லெண்ணத்துடன் தொகுக்கப்பட்ட சொற்பட்டியல்கூட, நிபந்தனை கூறப்படாமையால், பிறர் துணிந்து பயன்படுத்தவியலாத ஒன்றாகிவிடுகின்றது.

இக்குறையை நீக்க எழுந்தவையே பொது உரிமங்கள். 2002இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள், ஆக்கியோன் பெயரைக் குறிப்பிடல், வணிக நோக்கின்மை, மாற்றஞ்செய்யாமை, பெற்ற நிபந்தனையிலேயே பிறருக்கும் வழங்கல் என்னும் கூறுகளை வேண்டியவாறு இணைத்துக்கொள்ள இடமளிக்கின்றன. விக்கிப்பீடியா இவற்றுள் முதலாவதையும் இறுதியானதையும் ஏற்றுள்ளது. ஐரோப்பிய ஆய்வு நிறுவனங்களின் மொழிவளக் கூட்டமைப்பாகிய ‘கிளாரின்’, வளங்களை யாவருக்கும் உரியவை, கல்வியாளருக்கு உரியவை, தனி அனுமதி வேண்டுபவை என மூவகைப்படுத்துகின்றது.

எனினும், வளத்தைத் திறந்துவிடுதல் எஞ்ஞான்றும் முற்போக்கான செயலாகுமா? நியூசிலாந்தின் மாவோரி மக்களது அனுபவம் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது. பாடசாலையில் தம் மொழியைப் பேசியமைக்காக மாவோரிச் சிறுவர் தண்டிக்கப்பட்ட வரலாறு அந்நாட்டுக்குண்டு. 1987இலேயே அம்மொழி அரசகரும மொழியாயிற்று. 2018இல் ‘தே ஹிக்கு’ என்னும் மாவோரி ஊடக நிறுவனம் மக்களை அழைத்து, பத்து நாட்களில் 300 மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட குரற்பதிவுகளைத் திரட்டிப் பேச்சுணர் கருவியொன்றை உருவாக்கியது. அப்பதிவுகளை அந்நிறுவனம் எவரும் எடுத்துச்செல்லும் வண்ணம் வெளியிடவில்லை. தன்னை உடைமையாளனாகக் கொள்ளாது காவலனாகக் கொண்டு, காவற்பொறுப்பு எனப் பொருள்படும் மாவோரிச் சொல்லாலேயே பெயரிட்ட உரிமமொன்றை அது வகுத்தது. அவ்வளத்தைப் பயன்படுத்துவோர் அனுமதி பெறவேண்டும். விளையும் பயன் மாவோரி மக்களைச் சென்றடையவும் வேண்டும். நிலத்தை இழந்த மக்கள், தம் குரலும் மூலப்பொருளாக எடுத்துச்செல்லப்பட்டு விலைப்பண்டமாகத் திரும்பி வருவதை ஏற்க மறுத்தமையே இதன் உட்பொருளாகும்.

தமிழ்ச் சூழலுக்கு இவ்விவாதம் புறம்பானதன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர் தட்டெழுதிய நூல்கள், முகப்புக் குறிப்பை நீக்காது எவரும் பரப்பலாம் என்ற நிபந்தனையுடன் இலவசமாக வழங்கப்பட்டன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகத்துக்கு, 2005இல் தோன்றிய நூலகம் திட்டம் போன்ற முயற்சிகளின் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை. ஒரே இடத்தில் பூட்டிவைக்கப்பட்ட அறிவு எளிதில் அழியக்கூடியது. பல கைகளிற் பரவிய பிரதி அவ்வாறு அழிவதில்லை. ஆதலின் மாவோரி உதாரணத்தைக் காட்டி எல்லாவற்றையும் அடைத்துவைக்க முற்படுதல் தவறாகும். பதிப்புரிமைக் காலம் கடந்த அச்சு நூல்களும், பொதுப் பணத்தில் ஆக்கப்பட்ட அகராதிகளும் கலைச்சொற்றொகுதிகளும் முற்றாகத் திறக்கப்படல் வேண்டும்.

மக்களிடமிருந்து பதிவுசெய்யப்படும் வழக்காறுகளின் நிலை வேறு. மலையகத் தோட்டத் தொழிலாளியின் பாடலையோ மட்டக்களப்பு அண்ணாவியாரின் கூத்துப் பாட்டையோ பதிவுசெய்யும் ஆய்வாளர், பட்டத்துக்கான ஆய்வுக்கெனப் பெற்ற இசைவை வணிக நிறுவனத்தின் பயன்பாட்டுக்கும் பெற்ற இசைவாகக் கொள்ளலாகாது. எந்நோக்கத்துக்கு, யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பவற்றைப் பாடியவரது மொழியிலேயே விளக்கி, இசைவைப் பதிவோடு சேர்த்துப் பேணுதல் அவசியம். இசைவை மீளப்பெறும் வழியும் இருத்தல் வேண்டும். பெயர் வெளியிடப்பட விரும்பாதோரின் விருப்பமும் மதிக்கப்படல் வேண்டும்.

சுருங்கக்கூறின், உரிம விதி என்பது தொகுப்பு முடிந்தபின் இறுதிப் பக்கத்தில் ஒட்டப்படும் சீட்டன்று. யாருடைய உழைப்பு, யாருடைய அனுமதி, யாருக்குப் பயன் என்னும் மூன்றும் தொகுப்பின் தொடக்கத்திலேயே தீர்மானிக்கப்பட வேண்டியவை. இவற்றை நாம் தீர்மானியாதவிடத்து, வலியோர் தமக்கேற்பத் தீர்மானித்துக்கொள்வர்.