ஒயர்லெஸ் சார்ஜர்: இரண்டாகப் பிரிச்ச ட்ரான்ஸ்ஃபார்மர்

ராஜபாளையத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இரண்டு கம்பத்துக்கு நடுவுல ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்'னு முனகிட்டு நிக்கும். அதுக்குள்ள இரண்டு காயில்கள். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் ஒயர் தொடர்பே கிடையாது. ஒரு காயிலில் மாறுமின்சாரம் போனால் காந்தப்புலமும் மாறிக்கிட்டே இருக்கும். அது பக்கத்துக் காயிலில் மின்சாரத்தைக் கிளப்பும். ஃபாரடே 1831-லேயே கண்டுபிடிச்சது. ஒயர்லெஸ் சார்ஜரும் இதேதான்: ஒரு காயில் பேடுக்குள்ள, இன்னொண்ணு உங்க போன் முதுகுல.

வைஃபை மாதிரி ரூம் முழுக்க வரும்னு நினைக்காதீங்க. ட்ரான்ஸ்ஃபார்மரில் காந்தப்புலத்தை வழிநடத்த நடுவில் இரும்பு உண்டு. இங்கே நடுவில் இருப்பது காற்றும் உங்க பேக் கவரும்தான். அந்தக் குறையை வேகத்தால் ஈடுகட்டுகிறார்கள். வீட்டு கரண்ட் நொடிக்கு 50 சுற்று. பேடுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

அந்த வேகத்தில் மின்சாரம் கம்பியின் மேல்தோலில் சுமார் 0.2 மி.மீ. ஆழத்துக்குத்தான் ஓடும். தடிமனான ஒத்தைக் கம்பி வேஸ்ட். அதனால இனாமல் பூசிய மெல்லிய இழைகளை ஒன்றாக முறுக்கி 'லிட்ஸ் ஒயர்' செய்கிறார்கள். நம்ம ஊர் மில்லில் ஒத்தை நூல்களைச் சேர்த்து முறுக்குறதைப் பார்த்தவங்களுக்கு இது பழகின வேலை.

சரி, பேடுக்கும் போனுக்கும் நடுவுல ஒரு நாணயமோ இரும்பு ரிங்கோ மாட்டினா? பால்கோவா கிண்டுற இரும்பு வாணலியை இண்டக்ஷன் அடுப்பில் வெச்ச கதைதான், கொதிக்கும். (விறகு அடுப்புதான்னு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க சண்டைக்கு வராதீங்க, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.) நல்ல பேடு, அனுப்பின பவரும் போனுக்குப் போய்ச் சேர்ந்த பவரும் ஒத்துப்போகலைன்னா தானே நிறுத்திடும். அதுக்காகத்தான் வாங்கும்போது 'சீ' முத்திரை இருக்கானு பாருங்க. திட்டலை, அந்தத் தரநிலையின் பெயரே அதுதான். சீன மொழியில் உயிர்சக்தி.

வீணாகும் பவரால் கரண்ட் பில் எகிறாது. 5000 எம்.ஏ.எச். பேட்டரியில் 19 வாட்-மணி பிடிக்கும். நூறில் அறுபதுதான் உள்ளே போகுதுன்னாலும் ஒரு யூனிட்டில் முப்பது தடவை சார்ஜ் பண்ணலாம். பிரச்சினை, அந்த மீதி நாற்பது வெப்பமா மாறுறது. லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எமன். காயில்கள் நேருக்கு நேர் இல்லாம விலகினா சூடு இன்னும் ஏறும். 2023-ல் வந்த சீ2-வில் காந்தம் வெச்சு போனை இழுத்துச் சரியான இடத்தில் உட்கார வைக்கிறது இதுக்குத்தான்.

காந்தம் இல்லாத பேடா? நடுவில் பார்த்து வைங்க, தடிமன் கவரைக் கழட்டுங்க. மே மாச மதியத்தில் பேசாம ஒயரையே குத்திடுங்க.