உழைப்பும் உடம்பும் – 9: குலுக்கலில் கரைந்த டாலர்கள்

2017-ல் வாரன் பஃபெட் தன் பங்குதாரர்கள் கூட்டத்தில் ஒரு புழுவைப் பற்றிப் பேசினார். அமெரிக்கத் தொழில்களின் போட்டித்திறனை உள்ளே இருந்து தின்னும் நாடாப்புழு மருத்துவச் செலவுதான் என்றார். அங்கே ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டில் பெரும்பங்கைக் கம்பெனிகள்தான் கட்டுகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். விற்கிற பொருளின் விலையில் அந்தச் செலவும் ஏறிக்கொள்கிறது.

வயிற்றில் புழு என்றதும் பூச்சி மருந்து விற்பவர் வராமல் இருப்பாரா? பஃபெட் பேசுவதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டார்கள். மருந்தின் பெயர் ‘வெல்னஸ் புரோகிராம்’. ஆபீசிலேயே ரத்தப் பரிசோதனை, எடைக் குறைப்பு வகுப்பு, சிகரெட்டை விடுவதற்குப் பயிற்சி, இத்தனை அடி நடந்தால் பரிசு. நம் ஐடி கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

மருந்து வேலை செய்கிறது என்பதற்குப் பெரிய இடத்துச் சான்றிதழும் கிடைத்தது. 2010 பிப்ரவரியில் ஹார்வர்டின் கேத்தரின் பெய்க்கர், டேவிட் கட்லர், ஸிருயி சாங் மூவரும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் பார்த்தார்கள். வெல்னஸுக்குப் போடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் 3.27 டாலர் மிச்சம். ஊழியர்கள் லீவு போடுவது குறைவதால் இன்னொரு 2.73 டாலர் மிச்சம். ஒன்று போட்டால் ஆறு! எந்த முதலாளிதான் வேண்டாம் என்பார்? அடுத்த மாதமே கையெழுத்தான ஒபாமாவின் மருத்துவச் சட்டமும் கதவை அகலத் திறந்தது. இத்திட்டங்களின் பேரில் காப்பீட்டுக் கட்டணத்தில் 30 சதவீதம் வரை சலுகை தரலாம். புகையிலை விஷயத்தில் 50 சதவீதம் வரை. சலுகை என்பது சட்டத்தின் வார்த்தை. சேராமல் நின்றவருக்கு அது அபராதம் என்பதே என் கருத்து.

அந்த ஆறு டாலரில் ஓர் ஓட்டை இருந்தது. காலையில் பூங்காவில் வேர்க்க வேர்க்க நடப்பவர்களையும், அந்நேரம் வீட்டில் இழுத்துப் போர்த்தித் தூங்குபவர்களையும் ஒப்பிட்டால் நடப்பவர்கள்தான் ஆரோக்கியமாகத் தெரிவார்கள். அது பூங்கா செய்த வேலையா? உடம்பைப் பேணும் ஆசாமி முதலிலேயே பூங்காவுக்கு வந்துவிடுகிறார். பழைய ஆய்வுகள் பலவும் தாமாக வந்து சேர்ந்தவரையும் சேராதவரையும்தான் ஒப்பிட்டிருந்தன.

இதைச் சரிபார்க்கக் குலுக்கல்தான் வழி. 2016-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேமன் ஜோன்ஸ், டேவிட் மோலிட்டர், ஜூலியன் ரீஃப் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அதைச் செய்தார்கள். 4,834 ஊழியர்களில் 3,300 பேருக்குத் திட்டத்தின் கதவு திறந்தது. மீதி 1,534 பேருக்கு இல்லை. யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. பரிசோதனைக்கு வருவதற்குப் பணமும் கொடுத்தார்கள். பணம் இல்லாமலே 47 சதவீதம் பேர் வந்தார்கள். 100 டாலர் என்றதும் 59 ஆனது. 200 ஆக்கியும் 63-ஐத் தாண்டவில்லை. வராதவர் வராதவர்தான்.

பிறகு அவர்கள் செய்ததுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம். கையிலிருந்த அதே விவரங்களை முதலில் பழைய பாணியில், சேர்ந்தவர் எதிர் சேராதவர் என்று ஒப்பிட்டார்கள். சேர்ந்தவர்களின் மருத்துவச் செலவு குறைவு, ஜிம்முக்குப் போவது அதிகம். ஆகா, பழைய ஆய்வுகள் சொன்னது அப்படியே வருகிறது! அடுத்து, குலுக்கலில் விழுந்தவர் எதிர் விழாதவர் என்று ஒப்பிட்டார்கள். செலவிலும் ஜிம்மிலும் வித்தியாசத்தைக் காணோம். சேர்ந்தவர்களின் மருத்துவச் செலவு, திட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டிலேயே குறைவாக இருந்திருக்கிறது.

பல்கலைக்கழகம் வேறு, கடைத் தொழிலாளி வேறு என்று சொல்லலாம். அதற்கும் பதில் 2019-லேயே வந்தது. பீஜேஸ் என்ற மொத்த விற்பனைக் கடைத் தொடரின் 160 கிளைகளில் 20-ஐக் குலுக்கலில் தேர்ந்து, உணவியல் நிபுணர்களைக் கொண்டு பாடம் நடத்தினார்கள். மொத்தம் சுமார் 33,000 ஊழியர்கள். 18 மாதம் கழித்துக் கேட்டபோது, ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று சொன்னவர்கள் அந்த 20 கடைகளில் அதிகம். ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, மருத்துவச் செலவு, லீவு, வேலைத்திறன் ஆகியவற்றில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. இந்த ஆய்வை எழுதியவர்கள் சாங், பெய்க்கர். ஆம், 2010-ல் ஆறு டாலர் கணக்குப் போட்ட அதே இருவர். தன் கணக்கைத் தானே சோதித்து, அதற்கு மாறாக வந்த விடையை ஊரறியச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

அப்படியானால் கம்பெனிகள் ஏமாளிகளா? இல்லினாய் ஆய்வாளர்கள் ஒரு சூட்சுமத்தைத் தொட்டுக் காட்டினார்கள். இப்படிப்பட்ட திட்டத்தை விரும்புபவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள், செலவு வைக்காதவர்கள். திட்டத்தைக் காட்டி அவர்களை ஈர்த்தால், அவர்களே வேலையில் நிலைத்தால், அந்தக் கம்பெனியின் காப்பீட்டுச் செலவு குறையலாம். நோயாளி பக்கத்துக் கம்பெனியில் இருப்பார், அவ்வளவுதான். போட்டித்திறன் என்று இதைச் சொல்லலாம். ஆரோக்கியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாட்டின் மொத்த மருத்துவ பில்லில் இதனால் ஒரு டாலரும் குறையாது.

பெப்சிகோ கம்பெனியின் ஏழாண்டுக் கணக்கைப் பிரித்துப் பார்த்த 2014-ம் ஆண்டு ஆய்வு ஒன்று உண்டு. குலுக்கல் ஆய்வு அல்ல, இருந்தாலும் கவனிக்கத்தக்கது. உணவு, உடற்பயிற்சி போன்ற வாழ்க்கைமுறைப் பகுதியில் போட்ட ஒரு டாலருக்குச் சுமார் 50 சென்ட்தான் திரும்பியது. ஏற்கெனவே நாள்பட்ட நோயில் இருந்த ஊழியர்களைக் கவனித்த பகுதியில் திரும்பியது சுமார் 3.80 டாலர். அந்தக் கணக்கை அடுத்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.

(தொடரும்)