உறைந்த மண்ணில் ஒரு குடியரசு

1828ஆம் ஆண்டில், ஷெர்கின் என்ற ரஷ்ய வணிகர் சைபீரியாவின் யாகூத்ஸ்க் நகரில் கிணறு ஒன்று தோண்டத் தொடங்கினார். அருகிலேயே லேனா என்னும் மாநதி ஓடுகிறது. சிறிது ஆழத்திலேயே நீர் சுரந்துவிடும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் தோண்டத் தோண்டப் பாறைபோல் இறுகி உறைந்த மண்ணே வந்தது. ஒன்பது ஆண்டுகள் உருண்டோடின. 1837இல் வேலை கைவிடப்பட்டபோது கிணற்றின் ஆழம் 116 மீட்டர். கிடைத்த தண்ணீரோ ஒரு குவளையும் இல்லை!

ஆயினும் ஷெர்கினின் உழைப்பு வீண் போகவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் மிடன்டார்ஃப் என்ற அறிஞர் அக்கிணற்றுக்குள் பல்வேறு ஆழங்களில் வெப்பமானிகளை வைத்து அளந்தார். பூமிக்கடியில் கோடையிலும் உருகாத மண் உண்டென்ற செய்தியை, அதுவரை நம்ப மறுத்த ஐரோப்பிய விஞ்ஞானிகள் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. உறைநிலம் எனப்படும் அந்த மண்ணே இக்கட்டுரையின் பொருள்.

யாகூத்ஸ்க், சாகா எனவும் யாகூத்தியா எனவும் வழங்கும் குடியரசின் தலைநகர். ரஷ்யக் கூட்டாட்சியின் உறுப்புகளுள் இதுவே மிகப் பெரியது. இதன் பரப்பு ஏறத்தாழ 30 இலட்சத்து 83 ஆயிரம் சதுர கிலோமீட்டர். நம் இந்தியாவின் பரப்புக்குச் சற்றே குறைவு. அவ்வளவு பெரிய நிலத்தில் வாழ்வோர் சுமார் பத்து இலட்சம் பேர்தாம்!

இங்குள்ள ஒய்மியாக்கோன் என்ற சிற்றூரில் 1933 பிப்ரவரியில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 67.7 டிகிரியாகப் பதிவாயிற்று. வெர்கோயான்ஸ்க் என்ற மற்றோர் ஊரும் அதே அளவு கடுங்குளிரைக் கண்டது. அந்த வெர்கோயான்ஸ்கிலேயே 2020 ஜூன் 20 அன்று வெயில் 38 டிகிரியை எட்டியது. ஓரூரின் குளிருக்கும் வெயிலுக்கும் இடையே 105 டிகிரி வேறுபாடு!

யாகூத்ஸ்க் நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 240 மில்லிமீட்டர் அளவே. கணக்குப்படி பார்த்தால் அப்பகுதி பாலைவனமாக இருக்க வேண்டும். ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை லார்ச் மரக்காடுகள் அடர்ந்து நிற்கின்றன. காரணம் உறைநிலமே. கோடையில் மேல்மண் ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்துக்கு மட்டும் இளகுகிறது. அதன் அடியில் உறைந்து கிடக்கும் தளம் கிடைத்த நீரைக் கீழே இறங்கவிடாமல் தாங்கி, மரங்களின் வேர்களுக்கு ஊட்டுகிறது. காட்டினிடையே ஆங்காங்கே மண்ணின் பனி உருகித் தாழ்ந்த வட்டமான பள்ளங்கள் உண்டு. நடுவில் ஏரியும் சுற்றிலும் புல்வெளியுமாக விளங்கும் இவற்றை 'அலாஸ்' என்பர். தெற்கிலிருந்து மாடுகளோடும் குதிரைகளோடும் வந்து குடியேறிய சாகா மக்களுக்கு அலாஸ்தான் வாழ்வு. குள்ளமான, அடர்ந்த உரோமமுடைய அவர்களுடைய குதிரைகள் குளிர்காலம் முழுவதும் வெட்டவெளியில் நின்று, பனியைக் குளம்பால் கிளறி அடியிலுள்ள புல்லை மேய்கின்றன. கொட்டில் என்பதே அவற்றுக்குத் தெரியாது.

வீடு கட்டும் முறையும் விந்தையானது. கட்டடத்தை நேரே மண்மீது எழுப்பினால், உள்ளிருக்கும் கணப்பின் வெப்பம் தரையை உருக்கிச் சுவரைச் சரித்துவிடும். ஆகையால் ஆழத்தில் தூண்களை ஊன்றி, தரைக்கும் கட்டடத்துக்கும் நடுவே காற்று உலவ இடம் விட்டுக் கட்டுகின்றனர். குழாய்களையும் மண்ணில் புதைப்பதில்லை. அவை தெருவோரமாகத் தரைக்கு மேலே ஓடி, சாலை குறுக்கிடும் இடத்தில் வளைவுபோல் உயர்ந்து தாண்டிச் செல்கின்றன. சிற்றூர்களிலோ குளிர்காலத் தொடக்கத்தில் ஏரியின் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து வாசலில் அடுக்கிவைத்து, வேண்டும்போது உருக்கிக் குடிக்கின்றனர். இறைச்சியையும் மீனையும் காக்க நிலவறை ஒன்று போதும், மின்சாரம் வேண்டுவதில்லை.

இம்மண்ணின் செல்வம் வைரம். 1954இல் லரீசா பொப்புகாயேவா என்ற பெண் புவியியலாளர், ஓடைகளில் கிடைத்த செந்நிற மணிக்கற்களின் தடம் பற்றிச் சென்று, வைரம் விளையும் பாறைக்குழாயை இந்நாட்டில் முதன்முதலாகக் கண்டறிந்தார். மறு ஆண்டே மீர் என்ற பெருஞ்சுரங்கத்தின் இடம் புலப்பட்டது. 2001இல் திறந்தவெளி வேலை முடிந்தபோது அப்பள்ளத்தின் ஆழம் 525 மீட்டர். பின்னர் அதன் அடியில் தோண்டிய நிலவறைச் சுரங்கத்துக்குள் 2017 ஆகஸ்டில் வெள்ளம் புகுந்து எட்டுத் தொழிலாளரைக் கொண்டுபோயிற்று. இங்கிருந்து சென்ற கற்களில் பல, குஜராத்தின் சூரத் நகரப் பட்டறைகளில் பட்டை தீட்டப்பட்டவை. உக்ரைன் போரின் காரணமாக 2024 முதல் ஏழு செல்வ நாடுகள் ரஷ்ய வைரத்துக்குத் தடை விதித்துள்ளன. அதனால் அந்தப் பட்டறைகளுக்கும் இடர்ப்பாடுதான்.

உறைநிலம் பழம்பொருள்களையும் பேணிக் காத்துவருகிறது. 1799இல் லேனாவின் கழிமுகத்தில் வேட்டைக்காரர் ஒருவர் முழு மாமத யானை ஒன்று பனியில் புதைந்திருக்கக் கண்டார். 2012இல் ரஷ்ய விஞ்ஞானிகள், கொலிமா ஆற்றங்கரையில் தரை அணில்கள் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் சேமித்து வைத்த பழத்தின் திசுவிலிருந்து செடி ஒன்றை வளர்த்துப் பூக்கவும் செய்தனர். புதைந்த மாமத யானைத் தந்தங்களைத் தேடி எடுத்து விற்பதை இன்று கிராமத்தார் பலர் தொழிலாகக் கொண்டுள்ளனர்.

இத்தனைக்கும் அடித்தளமான மண் இப்போது இளகி வருகிறது. பத்தகாய் என்ற ஊரருகே 1960களில் காடு அழிக்கப்பட்ட இடத்தில் நிலம் சரியத் தொடங்கியது. வெயிலைத் தடுக்கும் மர நிழல் போயிற்றல்லவா? இன்று அங்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து கிடக்கும் பள்ளம் ஆண்டுதோறும் விரிகிறது. 2021 கோடையில் எண்பது இலட்சம் ஹெக்டேருக்கு மேல் காடு எரிந்து, புகை வடதுருவம் வரை பரவியது. உறைநிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக அடைபட்டிருக்கும் மக்கிய தாவரங்கள் உருகும்போது கரியமில வாயுவும் மீத்தேனும் வெளிப்பட்டு உலகை மேலும் சூடாக்கும். ஆகவே இது சாகா மக்களின் கவலை மட்டுமன்று. உறைநிலத்தைக் காக்கவென்றே 2018இல் அக்குடியரசு தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது.

சட்டம் வெயிலைத் தடுக்குமா என்பது வேறு கேள்வி. யாகூத்ஸ்குக்குக் கிழக்கே சுராப்சா என்ற ஊரில் மண்ணுள் பொதிந்த பனி உருகியதால், சமமாக இருந்த நிலம் மேடும் பள்ளமுமாகிவிட்டது. பழைய விமானத் தளம் 1990களிலேயே கைவிடப்பட்டுச் சதுப்பாகிக் கிடக்கிறது. வீடுகளைச் சுற்றித் தரை தாழ்கிறது. குடியிருப்போர் வண்டி வண்டியாக மண் கொண்டுவந்து பள்ளத்தை நிரப்புகின்றனர். அடுத்த கோடையில் அது மீண்டும் தாழ்கிறது.